கம்பெனிக்குள் போகும் தேர்

ஆகஸ்ட் மழைக்கு நேரமும் கிடையாது, நியாயமும் கிடையாது... சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷாலின் ரயிலை விட்டு இறங்கவும், வானம் கொட்டவும் சரியாக இருந்தது. செங்கல்பட்டில் அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அவள் இந்தப் பக்கம் காலை வைத்தாள்... அந்தப் பக்கத்திலிருந்து சொட்டச் சொட்ட ஒரு முதுகுப்பை வந்து சீட்டில் விழுந்தது. அதன் பின்னாலேயே ஓர் இளைஞனும் வந்தான்.

"ஹலோ... நான்தான் ஃபர்ஸ்ட் ஏறினேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபத்தில் அகன்ற இரண்டு கண்கள்... அதில் ஒரு கண்ணின் இமையில் மழைத்துளி ஒன்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஒற்றைத் தொடையில் ஒட்டிக்கொண்டான். பை இருந்த இடமெல்லாம் ஈரம் என்று அவள் முணுமுணுக்க, அவன் திரும்பி ஒரு கைக்குட்டையை நீட்டினான்.

"சவத்த விடுங்க... தொடச்சிட்டு உக்காருங்க."

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாம் அவனையே பார்த்தார்கள்.

"யாரப் பாத்து சவம்னு சொன்னீங்க?"

"ஐயோ, உங்களச் சொல்லலங்க. ஈரத்தச் சொன்னேன். எங்க ஊருல மழ பேஞ்சா சவம், பஸ்சு வரலேன்னா சவம்... எல்லாத்துக்கும் அந்த ஒரு சொல்லுதான்."

"எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம் பக்கம்."

"அங்க உயிரோட யாருமே இல்லியா?"

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அவன் காது வரைக்கும் சிவந்துபோனான். கறுப்பான பையன்களும் சிவப்பார்கள் என்பது ஷாலினுக்கு அன்றுதான் தெரிந்தது. நல்லவேளையாக அவனுடைய போன் அடித்தது.

"ஆமா, கொம்பையாதான் பேசுதேன்... 'வார லீவு' எழுதி முடிச்சாச்சு. நாளைக்குப் போட்டுருவேன்."

ஷாலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொம்பையாவா... இவனா...?

'வார லீவு' என்பது ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு கிடைக்கிற கம்பெனி ஆட்களுக்காகவே எழுதப்படுவது. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், ஆனால் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது... அப்படிப்பட்ட இடங்களாகவே வரும். நாளுக்கு ஒரே ஒரு ரயில் நிற்கிற ஸ்டேஷன், ஏரிக்குள் பாதி முழுகிய மண்டபம், கிளிகளுக்கென்றே கொய்யாத் தோப்பை விட்டுவைத்த ஊர். கடைசியில் எந்த பஸ்ஸுக்கு நேரம் மாறியிருக்கிறது, எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று சின்னச் செய்திகள். கேன்டீனில் தயிர் சாதத்தோடு ஷாலின் அதைத்தான் சாப்பிடுவாள். அவள் எங்கேயும் போனதில்லை. அவளுடைய வார லீவு துணி துவைப்பதிலேயே தீர்ந்துவிடும். எழுதுகிறவர் பெயர் கொம்பையா என்பதை வைத்து, ரிட்டையர் ஆன போஸ்ட்மாஸ்டர், வயது அறுபது, காதில் முடி என்று அவளே ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். அந்தப் படத்துக்கு இப்போது மீசை கறுத்து, வயது இருபத்தெட்டாகிவிட்டது.

ஒரகடத்தில் இறங்கியதும் அவளாகத்தான் பேசினாள். தான் ஹெட்லைட் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருப்பதாகவும், கிளித் தோப்பை மூன்று தடவை படித்ததாகவும் சொன்னாள். அவன் ஒரு குடோனில் லோடு பிரிவு சூப்பர்வைசர். தன்னைப் படிக்கிற ஒருத்தியை முதன்முதலாக நேரில் பார்க்கிற கூச்சத்தில், பையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டான்.

"எங்க ஊரப் பத்தி மட்டும் எழுத மாட்டீங்க," என்றாள் குறும்பாக.

"உங்க ஊருல என்ன இருக்கு?"

சொன்னாள். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கிற மாதா நகர். ஒரு காலத்தில் அவர்களுடைய தெரு ஓடிய இடத்தில் இன்றைக்கு ஒரு குழாய் கம்பெனி நிற்கிறது. ஆனால் செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் அன்று சாயங்காலம், அந்தக் கம்பெனியின் முன் கேட் திறக்கும். ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் ஓரமாக நின்றுவிடும். மாதா தேர் உள்ளே போய், பழைய தெரு இருந்த வழியாகவே சுற்றி, பின் கேட் வழியாக வெளியே வரும். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. இதற்கு எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை. கம்பெனி மேனேஜர் கோதண்டராமனுக்கும் அவள் அப்பா இருதயசாமிக்கும் இடையில் வாய்ப்பேச்சுதான்.

"கன்டெய்னர் நிறுத்துற எடத்துல ஒரு நிமிஷம் தேர் நிக்கும். எங்க வூடு அங்கதான் இருந்துச்சு. அம்மா செத்ததும் அந்த வூட்லதான். அப்பா அங்க ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவாரு. வருஷத்துக்கு அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு..."

முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இப்போது நிற்பது மழை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இதை எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டான். எழுதி முதலில் தனக்கு அனுப்பச் சொன்னாள். அதற்காகத்தான் நம்பர் கொடுத்தாள்... அதற்காக மட்டும்தான் என்று வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பத்து நாளில் அந்த நம்பரில் தேரைத் தவிர மற்ற எல்லாமே பேசப்பட்டது. இரண்டு தடவை ஒரகடத்தில் டீ குடித்தார்கள். அவன் பேர் கொம்பையா, என் பேர் ஷாலின்... அப்பா என்ன சொல்லுவார் என்று ஒரு நாள் சும்மா நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்கே முகம் சூடாகிவிட்டது.

பதினோராம் நாள் கட்டுரை வந்தது. லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழு நிமிஷ டீ பிரேக்கில்தான் படித்தாள். படித்து முடிக்கையில் டீ ஆறிப்போயிருந்தது, கண் நிறைந்திருந்தது. அம்மாவைப் பார்க்காத ஒருவன் அம்மாவை எப்படி இவ்வளவு மரியாதையாக எழுதினான்...? ஆனாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பெல் அடித்துவிட்டது. டைப் அடிக்க நேரமில்லை. அவள் லைனில் பச்சை டேக் ஒட்டினால் ஓகே, சிவப்பு என்றால் ரிஜெக்ட், மஞ்சள் என்றால் ஹோல்டு... அதாவது அப்படியே வை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். நாளெல்லாம் அதையே ஒட்டிப் பழகிய கை, அவசரத்தில் ஒரு மஞ்சள் இதயத்தைத் தட்டிவிட்டு ஓடியது.

அந்தப் பக்கம் கொம்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நிமிஷமே கட்டுரையை ஊருக்கெல்லாம் போட்டுவிட்டான்.

மூன்றே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். செப்டம்பர் எட்டுக்கு நாங்களும் வருகிறோம் என்று வேன் பிடித்துக்கொண்டு கிளம்ப ஆயிரம் பேர் தயாரானார்கள். சென்னையிலிருந்த கம்பெனியின் தலைமை ஆபீஸும் பார்த்தது. எங்கள் கேட்டுக்குள் தேரா, யாரைக் கேட்டு என்று கோதண்டராமனைப் பிடித்துக்கொண்டது. அவர் இருதயசாமியை அழைத்து, இந்த வருஷம் முடியாது, இனிமேலும் சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அப்பா யாரையும் திட்டவில்லை. வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அதைத்தான் ஷாலினால் தாங்க முடியவில்லை.

அவனுக்குப் போன் போட்டாள்.

"நான் மஞ்சள்தானே போட்டேன்? நீங்களும் கம்பெனியிலதானே இருக்கீங்க? மஞ்சள்னா ஹோல்டுன்னு தெரியாது?"

"எங்க குடோன்ல மஞ்சள்னா லோடு ஏத்தலாம்னு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இல்லங்க, பொய் சொல்லக் கூடாது. நான் கலரப் பாக்கவே இல்ல. இதயத்த மட்டுந்தான் பாத்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு அவள் சிரித்திருப்பாள். ஆனால் அலமாரிக் கதவு கண் முன்னால் வந்து நின்றது.

"அந்தக் கட்டுரைய அழிச்சிடுங்க. என் நம்பரையும் சேத்து."

கட்டுரையை அன்றைக்கே அழித்தான். அந்த இடத்தில் நான்கே வரி எழுதினான்... 'இத்தனை நாள் போங்கள் போங்கள் என்று எழுதியவன், முதல் தடவையாகப் போகாதீர்கள் என்று கேட்கிறேன். அது பார்க்கிற இடமில்லை, ஒரு வீட்டின் துக்கம். உரியவர்களைக் கேட்காமல் எழுதியது என் தப்பு. மன்னியுங்கள்.' நம்பரை மட்டும் அழித்தானா என்று கேட்காதீர்கள்.

அதோடும் விடவில்லை. நேராக மாதா நகருக்கு வந்து இருதயசாமியிடம் தலை குனிந்து நின்றான். அடுத்த நான்கு நாளும் ஷிப்ட் முடிந்து தூங்கக்கூடப் போகாமல், குழாய் கம்பெனி வாசலில் கோதண்டராமனுக்காகக் காத்திருந்தான். நான்காம் நாள் அவர் மனம் இளகித் தலைமை ஆபீஸிடம் பேசினார். ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. மாதா நகர் ஆட்களும் அவர்கள் உறவுகளும் மட்டும்தான் வரலாம். குடும்பவாரியாகப் பெயர், உறவுமுறை என்று பட்டியல் தர வேண்டும். கேட்டில் வாசித்துத்தான் உள்ளே விடுவார்கள்.

இதையெல்லாம் அப்பா சொல்லித்தான் ஷாலினுக்குத் தெரியும்.

"தேர் அன்னைக்கு நீயும் வாப்பான்னேன். 'நான் வெளியாளு, ரோட்டுலயே நிக்கேன்'ங்கிறான். தூங்காம கண்ணு செவந்து கீது அவனுக்கு," என்றவர், பட்டியலை நீயே எழுதிவிடு என்று பேப்பரை அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நாற்பத்து இரண்டு குடும்பம் முடிந்து கடைசியாக அவள் குடும்பம். இருதயசாமி, தலைவர். ஷாலின், மகள். அவ்வளவுதான்... பேனாவை மூடலாம். மூடவில்லை. கோபம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ரோட்டோரம் ஒற்றையாக அவன் நிற்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதி, மறுபடி வாசித்தால் கிழித்துவிடுவோம் என்ற பயத்தில் உடனே கவரில் போட்டு ஒட்டிவிட்டாள்.

எட்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி. பூப்போலத் தூறல். தேரை இழுத்துக்கொண்டு மாதா நகர் முழுவதும் கேட் முன்னால் நின்றது. எதிர்ப்பக்கம், ரோட்டைத் தாண்டி, நனைந்தபடி கொம்பையா. செக்யூரிட்டி சந்திரம்மாள் ரொம்பக் கறார். எழுதியிருப்பதில் ஒரு எழுத்தை விடாமல் உரக்க வாசித்து ஒவ்வொருவராக உள்ளே விட்டாள்.

"இருதயசாமி, தலைவர். ஷாலின், மகள். கொம்பையா, மருமகன்... இன்னும் கேட்கவில்லை." வாசித்துவிட்டு அவளே விழித்தாள். "இன்னாம்மா இது? யாரு யாரக் கேக்கல?"

தேர்க் கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஷாலினின் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

"அவரையும் கேக்கல," என்றாள். "அப்பாவையும் கேக்கல."

இருதயசாமி மகளைப் பார்த்தார். ரோட்டைத் தாண்டி நின்றவனையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

"தம்பி... அங்க இன்னா நின்னுகினு கீறே? மீதிய ஞாயித்துக்கிழம வூட்ல குந்திப் பேசலாம். இப்ப வந்து கயித்தப் புடி."

அவன் எப்படி ரோட்டைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஃபோர்க்லிஃப்ட்கள் ஒதுங்கி நிற்க, கன்டெய்னர்களுக்கு நடுவில் தேர் உருண்டது. கயிற்றில் அவள் கைக்குப் பக்கத்தில் அவன் கை.

அந்த இடம் வந்ததும் தேர் நின்றது. அப்பா குனிந்து மெழுகுவர்த்தியை ஏற்றினார். தூறலில் சுடர் படபடத்தது. ஷாலின் ஓடிப்போய் உட்கார்ந்து கைகளால் மறைத்தாள். போதவில்லை. எதிர்ப்பக்கம் கொம்பையா மண்டியிட்டு, தன் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தான். சுடர் நிமிர்ந்தது.

"கேளுங்க..." என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"இங்கியா?"

"அம்மாவுக்கும் கேக்கட்டும்."

அவள் அன்று முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் நிறைய வெளிச்சம்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"கட்டிக்கிடுதேன்," என்றான். சுடரை மறைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.