பாதிக் கிணறு

ஏரலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஊர் அது. பெயர் வேண்டாம், அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1912-ஆம் வருஷம் ஐப்பசியில் வாந்திபேதி அந்த ஊரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்த சமயம், வீட்டுக் கிணறுகளுக்கு மருந்து போட என்னை அனுப்பினார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் பிள்ளை என்பது சர்க்கார் எனக்குக் கொடுத்த பெயர். ஊரார் கொடுத்த பெயர் 'கிணத்துக்குச் சாயம் போடுத பிள்ளை'.

பெர்மாங்கனேட் என்ற கத்தரிப்பூ நிறப் பொடியை அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு வாளி எடுத்துக் கரைத்து, உள்ளே ஊற்றி, வாளியாலேயே கலக்கிவிட வேண்டும். தண்ணீர் ரோஜா நிறமாகும். மறுநாள் காலைவரை இறைக்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை. ஆனால் இதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் என் உயிரை வாங்கிவிடுவார்கள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பார்கள். எல்லாரையும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்க வெள்ளைக்காரன் செய்யும் சூழ்ச்சி என்பார்கள். நானும் சைவப் பிள்ளைதான், நெற்றி நிறையத் திருநீறு உண்டு என்பதால் பின்கட்டுவரை விட்டார்கள். இல்லாவிட்டால் மருந்து தெருவோடு நின்றிருக்கும்.

நாறும்பூநாத பிள்ளை வீட்டுக்கு ஒரு மத்தியானம் போனேன். மலையில் பெய்த மழைக்கு ஆறு செம்மண் நிறத்தில் கரை புரண்டு ஓடியது. ஊரில் ஒரு தூறல்கூட இல்லை, வெறும் மூட்டம். அந்தத் தெருவிலேயே சாவு விழாத வீடு அது ஒன்றுதான். எனக்கு அதுவே ஆச்சரியம். ஏனென்றால், நடுச்சுவர் எழுப்பிப் பிரித்த அதே வீட்டின் மறுபாதியில் அவருடைய அண்ணன் ஆவுடைநாயகத்தின் மனைவி பேதியில் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அண்ணன் அந்தப் பாதியைப் பூட்டிக்கொண்டு குலசேகரன்பட்டினத்துக்குப் போய்விட்டார்.

வீட்டைப் பிரித்தவர்கள் கிணற்றையும் விட்டு வைக்கவில்லை. கிணற்று வாயின் குறுக்கே நீளமான ஒரு கல்லைப் போட்டு, வீட்டு நடுச்சுவரின் தொடர்ச்சியாகக் கிணற்றடி நெடுகவும் அந்தக் கல்லின்மேலும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பாதி வட்டம் தம்பிக்கு, அந்தப் பக்கத்துப் பாதி அண்ணனுக்கு. கயிறு ஓடப் பக்கத்துக்கு ஒரு கப்பி. கல்லுக்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். அதைப் பிரிக்க மட்டும் இவர்களுக்கு வழி தெரியவில்லை.

"அண்ணன் இருந்தா விடமாட்டான். இப்பமே போட்டுட்டுப் போம்வே," என்றார் நாறும்பூநாதர். சொன்னவர் பின்வாசல் நிலையைத் தாண்டி வரவில்லை.

கிணற்றடிக்குப் போனதும் எனக்கு ஒன்று உறுத்தியது. புழங்குகிற கிணற்றடியில் பாசி வாசம் இருக்கும், கல் நசநசவென்று கிடக்கும். இங்கே துவைகல் வெளுத்துப்போய்க் கிடந்தது. கல்லிடுக்கில் எறும்பு புற்று வைத்திருந்தது. கயிறோ அன்றாடம் இழுத்துத் தேய்ந்த கயிறு.

வாளியை இறக்கினேன். அது முங்கும் சத்தம் கேட்டது. இழுத்தேன், நல்ல கனம். குறுக்குக்கல்லின் அருகே வந்தபோது கனம் சட்டென்று போயிற்று.

வாளி காலி.

அடியைத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. மறுபடி இறக்கினேன், மறுபடியும் காலி. மூன்றாம் தடவை கைப்பிடிச் சுவரில் குனிந்து, உள்ளே பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

நிறைந்த வாளி ஆடாமல் மேலே வந்தது. கல்லுக்குக் கீழே, அந்தப் பக்கத்து இருட்டின் ஓரமாய் வந்ததும் நின்றது. யாரோ கையால் பிடித்ததுபோல் பைய ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் கிணற்றிலேயே விழுந்தது.

சுவருக்கு அப்பால், பூட்டிய வீட்டின் கப்பி ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்.

"இறைக்காதீய அண்ணாச்சி," என்று பின்னால் ஒரு குரல். "அக்கா குடிச்சிருவா."

நாறும்பூநாதரின் மனைவி கோமு. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, பாலம்மாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தண்ணி தண்ணி என்று முனகிக்கொண்டிருந்தது.

அன்னியனிடம் நின்று பேசும் குடும்பமில்லை அது. ஆனாலும் கோமு அடுக்களைக் கதவில் பாதி மறைந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவள் புருஷன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

இறந்துபோன சண்முகசுந்தரி கோமுவின் கூடப்பிறந்த அக்கா. அண்ணனுக்கு அக்காளையும் தம்பிக்குத் தங்கையையும் கட்டிவைத்திருந்தார்கள். அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றபோது பெண்களின் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். ஆம்பிளைகள் மத்தியானம் கண்ணயர்ந்ததும் இருவரும் அவரவர் வாளியை இறக்குவார்களாம். தண்ணீருக்குள் வாளியை வாளியால் இடிப்பார்களாம். பிறகு கல்லுக்குக் கீழே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்களாம். ஒரே ஊரில், ஒரே கூரைக்கடியில், அக்காளும் தங்கையும் முகம் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

அக்காவுக்கு விடியற்காலையில் பேதி கண்டது. மத்தியானத்துக்குள் தவழ்ந்தே கிணற்றடிக்கு வந்துவிட்டாள். கயிற்றை இழுக்கத் தெம்பில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தபடி தங்கையைக் கூப்பிட்டாள்.

"கோமு, ஒரு வாய் தண்ணின்னா. நான் இறைச்சிட்டேன் அண்ணாச்சி. சுவத்துக்கு மேல தூக்கிட்டேன். பேதிக்காரிக்குத் தண்ணி குடுத்தா உசிரு நிக்காதுன்னு இவுக தடுத்துட்டாவ. ஊரே அதத்தான சொல்லுது. நானும் நம்பினேன். பொறுத்துக்கோக்கா, கொறஞ்சிரும்னு இங்கன இருந்தே சொல்லிக்கிட்டிருந்தேன். இருட்டுத வரைக்கும் கேட்டா."

பேதியில் உடம்பிலுள்ள நீரெல்லாம் வடிந்துதான் மனிதர் சாகிறார்கள், தண்ணீர் கொடுப்பதுதான் முதல் வைத்தியம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பேதிப் பிணம் என்பதால் குளிப்பாட்டவுமில்லை. அதற்கு நீர்மாலைத் தண்ணீர் கொண்டுவர ஒருவரும் வரவில்லை. பாயில் சுருட்டித் தூக்கிப் போய்விட்டார்கள். அவள் துணிமணிகளை வேலைக்காரி அந்தக் கிணற்றடியிலேயே அலசினாள். அலசிய தண்ணீர் கிணற்றுக்குள் வடிந்தது. அந்த வேலைக்காரியும் மறுநாளே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு கோமு இறைத்த எந்த வாளியும் நிறைந்து மேலே வரவில்லை. அக்காவுக்குத் தாகம் அடங்கவில்லை, தன்மேல் கோபமும் அடங்கவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதனால் தினமும் மத்தியானம் இறைத்து இறைத்து அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இப்போது வெள்ளம் வந்து ஊற்றையும் மூடிவிட்டது. தீட்டு வீடு என்று பக்கத்து வீடுகளில் கதவைத் திறக்கவில்லை.

"மருந்து போடத்தான் வேணும், தங்கச்சி," என்றேன். "புள்ளைக்கு வேற தண்ணி ஏது?"

"போட்டா அக்கா போயிருவா. உசிரோட இருக்கச்ச ஒரு வாய் குடுக்கல. இப்ப விரட்டவுமா செய்யணும்?"

அவள் கைப்பிடிச் சுவரை மறித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. பேய்க்குப் பரிந்து பேசுகிறவளிடம் என்ன சட்டம் பேசுவது? குழந்தை மறுபடி முனகியது. கோமு அதன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரைக்கத் தண்ணீர்தான் கிடைக்கப் போவதில்லையே. பொடியை வாளியிலேயே போட்டு இறக்கினேன். அது முங்கியது. கலக்குவதற்காகக் கயிற்றை மேலே இழுத்தேன்.

கயிறு வரவில்லை.

கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

விட்டுவிட்டு ஓடலாம் என்றுதான் நினைத்தேன். கை கயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அப்போது கயிறு தானாக நகர்ந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் போயிற்று. இந்தப் பக்கம் வந்தது. மறுபடி போயிற்று. அவசரமில்லாமல், உலைப்பானையில் அகப்பை போட்டுக் கிண்டுவதுபோல், கிணறு முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தது. தண்ணீர் சுவரில் மோதும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தளும்பிய தண்ணீரில் செந்நிறம் பரவி, விளிம்புவரை ரோஜாப் பூப்போல் ஆயிற்று.

கயிறு தளர்ந்தது.

ராத்திரிக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆற்றிக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நான் தங்கியிருந்த சாவடிக்குப் போனேன். தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

காலையில் போனபோது கோமு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். வாளியைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிறம் வெளிறியிருந்தது, இனிப் புழங்கலாம். நான்தான் இறக்கினேன். கனம் ஏறியது. குறுக்குக்கல்லைத் தாண்டியது.

வாளி நிறையத் தண்ணீர் வந்தது.

கோமு அதைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அக்கா போய்விட்டாள், கடைசியில் தானே விரட்டிவிட்டேன் என்று அழுதாள். நான் அவளிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். துணி அலசிய அன்றிலிருந்து அது விஷக் கிணறு. ஒரு செம்பு உள்ளே போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்காது. நேற்று மருந்தைக் கலக்கியதும் என் கை அல்ல.

அழுகை நின்றது. அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கான்னுல்லா நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "எம்மேல கோவம்னு நெனச்சேன். புள்ளைக்கு ஆகாதுன்னு கவுத்திருக்கா. அப்பம் அவளும் ஒரு வாய் குடிக்கலியா அண்ணாச்சி? இத்தன நாளும்?"

குழந்தைக்கு ஒரு செம்பு எடுத்து வைத்தாள். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு துவைகல்லின்மேல் ஏறி நின்றாள். சுவரின் தலைக்கு மேலே வாளியைச் சாய்த்தாள்.

"அக்கா, தண்ணி."

தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தது. கல் பாவிய தளம் அது, சளாரென்று சத்தம் கேட்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சத்தமே இல்லை.

பின்வாசலில் நின்ற நாறும்பூநாதர் நான் வந்த பிறகு முதல் தடவையாகக் கிணற்றடிக்கு வந்தார். வாளியை வாங்கி இறக்கினார். இறைத்து மனைவியிடம் நீட்டினார். அவள் ஊற்றினாள். அவர் மறுபடி இறைத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

நான் சுவரில் கை ஊன்றி எழும்பி அந்தப் பக்கம் பார்த்தேன். பூட்டிய கதவு. அசையாத கப்பி. தளத்தில் கிடந்த வேப்பஞ்சருகுகூடப் புரளவில்லை. அத்தனை வாளி ஊற்றியும் ஒரு பொட்டு ஈரமில்லை. கோமு மறுபடி ஊற்றினாள். மேலிருந்து இறங்கிய தண்ணீர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், படுத்துக் கிடப்பவரின் வாய் இருக்கும் இடத்தில், இல்லாமல் போனது.

இறங்கிவிட்டேன்.

கோமு வாளியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். "குடிக்காளா அண்ணாச்சி?"

"குடிக்கா தாயி," என்றேன். "இன்னும் ஊத்து."