கண்ணாடியின் விளிம்பு

“இன்னும் ஒன்பது நாள்தாம்மா இருக்கு. தம்பியைத் தூக்குல போட்டுருவாங்க.”

வக்கீலம்மா எதிரே இருந்த பெண்ணின் பக்கம் தண்ணீரை நகர்த்திவிட்டு, மீண்டும் கோப்பைப் படித்தார். கடிகாரக் கடைக்காரர் தன் வீட்டில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கு. ஒரே தடயம், ஜன்னல் கண்ணாடியில் பதிந்த கட்டைவிரல் ரேகை. கண்ணாடிக் கடைத் தொழிலாளி ‘நூலு’வின் ரேகை. அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

“நூலு வேலை பார்க்கிற கடையில வாங்கின கண்ணாடிதானே மேடம்? அப்பவே பட்டிருக்கும்!” என்று குமாஸ்தா துள்ளினார்.

“கொலை நடந்த அன்னைக்குக் காலையிலதான் வேலைக்காரம்மா ரெண்டு பக்கமும் துடைச்சிருக்காங்க. பழைய ரேகை நிக்காதுன்னு தீர்ப்பு.”

குமாஸ்தா பொத்தென்று உட்கார்ந்தார். வக்கீலம்மா நூலுவின் அக்காவிடம் திரும்பினார்.

“கடையில தம்பிக்கு என்ன வேலை?”

“அறுக்கிறது மட்டுந்தாம்மா. நூல் பிடிச்சாப்பல அறுப்பான், அதான் அந்தப் பேரு. அறுத்ததும் விளிம்பைப் பிடிச்சுத் தூக்கி ஓரமாச் சாத்துவான். வீட்டுக்குப் போய் மாட்டுறது வேற ஆளு.”

வக்கீலம்மாவின் பென்சில் நின்றது. “ரேகை கண்ணாடியில எந்த இடத்துல இருந்துச்சு?”

குமாஸ்தா புரட்டினார். “ரேகையை மட்டும் பெருசாக்கின போட்டோதான் இருக்கு. இடம் எழுதலையே! கண்ணாடியை முழுசாக் கழட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்காங்க.”

“அப்ப திரும்ப மாட்டிப் பார்த்துடுவோம்.”

அன்றே மனு போனது. நான்காம் நாள் காலை நீதிபதி, இன்ஸ்பெக்டர், ரேகை நிபுணர், வேலைக்காரம்மா எல்லோரும் அந்த வீட்டு ஜன்னல் முன் நின்றார்கள். ரேகையைச் சுற்றி நிபுணர் போட்ட சிவப்பு வட்டம் கண்ணாடியில் அப்படியே இருந்தது. தச்சர் கண்ணாடியைப் பழைய மரச்சட்டத்தில் பொருத்தி ஆணி அடித்தார்.

சிவப்பு வட்டத்தைக் காணவில்லை.

“இப்ப அந்த இடத்தைத் துடைங்கம்மா,” என்றார் வக்கீலம்மா.

“எப்படித் துடைக்கிறது? அது கட்டைக்குள்ள போயிருச்சே!” என்றாள் வேலைக்காரம்மா.

“கொலைகாரனுக்கும் அதே கஷ்டம்தான். கண்ணாடியை மாட்டின பிறகு அங்கே யாரும் விரல் வைக்க முடியாது. ரேகை கடையிலயே விழுந்தது. நீங்க எவ்வளவு துடைச்சும் போகாததும் அதனாலதான்.”

“தலைகீழா மாட்டிட்டீங்களோ என்னவோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எப்படித் திருப்பினாலும் நாலு விளிம்பும் கட்டைக்குள்ளதான் சார்.”

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தன் மூக்குக்கண்ணாடியை. “ரேகை யாருதுன்னு மட்டும் பார்த்தேன். எங்கே இருந்துச்சுன்னு பார்க்கலை,” என்றார் மெதுவாக.

நீதிபதி அங்கேயே தூக்கை நிறுத்தி எழுதினார்.

மூன்று வாரம் கழித்து நூலு விடுதலையானான். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலையே வெறித்தான். அக்கா பயத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் கண்ணாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

“இதை எவன் அறுத்தான் அக்கா? ஒரே கோணல்.”

“கையை எடுடா முதல்ல!” என்று அவள் பளாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள். அப்புறம் இருவரும் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.