மவுரோவின் மூச்சு

மவுரோவை அடக்கம் செய்துவிட்டு என் தம்பி ஜோக்கிம் பகல் ஒரு மணிக்குப் படியேறி வந்தான். 2006, பெப்ரவரி. போர்கோ வெக்கியோ என்ற துறைமுகப் பேட்டையில் நாங்கள் இருந்தது பழைய கட்டடம்; ஈரச்சுவர் வாடையும் கீழே சந்தையின் மீன் வாடையும் மூன்றாம் மாடிவரை ஏறி வரும். நான் வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றேன்.

"தலையிலை தண்ணி வாத்துப்போட்டு உள்ளுக்கு வா, தம்பி."

"விசரே அக்கா? நாளைக்கு நான் பாட வேணும். இந்தக் குளிருக்கை தலை நனைஞ்சால் தொண்டை போயிடும்."

செத்தவீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. வேதக்காரர், கிறிஸ்தவர்தான் என்றாலும் நாங்கள் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் பாடகனுக்குச் சளிதானே எமன். ஆண்பிள்ளை பெண்குரலின் உயரத்தில் பாடினால் அவனைக் கவுண்டர்டெனர் என்பார்கள். ஒப்பேரா என்ற இசைநாடகத்தில் அப்படிப் பாட வேண்டிய ராசா வேஷத்துக்கு எடுபட்டவன் மவுரோ. அவனுக்கு முடியாமல் போனால் பாடுவதற்கென்று மூன்று வருடமாகத் திரைக்குப் பின்னால் காத்துக் கிடந்தவன் என் தம்பி. சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானிகளின் கழிப்பறைகளைத் தேய்த்து அவனைப் படிப்பித்தவள் நான். வாளியை ஓரமாக வைத்துவிட்டு வழிவிட்டேன்.

கதவைச் சாத்தினேன். சாத்துப்படவில்லை. இன்னொருவர் உள்ளே வரும்வரை பொறுத்திருப்பதுபோல நின்றது.

பிறகு தானாகச் சாத்திக்கொண்டது.

தோய்ப்பதற்கு அவன் கோட்டை எடுத்தபோது பைக்குள் நீலநிற பம்ப் ஒன்று தட்டுப்பட்டது. மவுரோவுக்குத் தொய்வு வருத்தம், ஆஸ்துமா. அந்தப் பம்பின் மருந்தை உறிஞ்சாமல் மேடை ஏறமாட்டான். ஒத்திகை இடைவேளையில் அதைத் தேடித் தேடியே மூச்சடைத்துச் செத்தான் என்று ஊரே கதைத்தது.

"இதென்னடா?"

"ஒரு நாள் ஒத்திகைக்கு அவன் நிக்காமல் போகட்டும் எண்டு ஒளிச்சனான். சாவான் எண்டு ஆர் கண்டது?"

"அவன் தேடேக்கை நீ அங்கையே நிண்டனி?"

"ஓம்."

பம்பைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன். என் மனச்சாட்சி அவ்வளவுதான்.

மறுநாள் ஜோக்கிம் பாடினான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு நீளமான மூச்சு ஒரு மனிதனுக்கு எப்படி வாய்த்தது என்று பத்திரிகை வியந்தது. நேப்பிள்ஸிலிருந்து கடிதம் வந்தது, பெரிய வேஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அவன் பயிற்சி செய்யும்போதுதான் கவனித்தேன். அறை முழுக்க ஆஸ்பத்திரி மருந்து வாடை.

அவன் மூச்சை இழுப்பான்.

கதவடியில் யாரோ விடுவார்கள்.

கிழமைக்குக் கிழமை அவனுடைய மூச்சு குறுகியது. ஒரே மூச்சில் பாடிய வரியை நாலாக உடைத்தான். ஒருநாள் பியானோவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, நான் இழுக்கிற மூச்சு எனக்கு வருகுதில்லை."

"மவுரோவின்ரை தாயிட்டைப் போய்ச் சொல்லுவம்."

"சொன்னால் நான் முடிஞ்சன். நேப்பிள்ஸ் ஒண்டு முடியட்டும்."

கப்பலேறிப் போனவன் மூன்றாம் நாளே திரும்பி வந்தான். ஒத்திகையில் வாயைத் திறந்தானாம், சத்தமே வரவில்லையாம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவனால் கதைக்கவும் முடியவில்லை. பம்பை எடுத்துக்கொண்டு, அவனைக் கட்டிலில் தனியே விட்டுவிட்டு, ஒரேத்தோ தெருவிலிருந்த மவுரோவின் தாயிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எனக்குக் கோப்பி ஊற்றினாள்.

"தெரியும்," என்றாள். "மவுரோ சொன்னான். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ரெலிபோன் எடுப்பான். உங்கள் வீட்டிலிருந்துதான். இப்போது அவனுக்குத் தொய்வே இல்லை."

நாலு மணி.

ரெலிபோன் அடித்தது.

அவள் ரிசீவரை என் காதில் வைத்தாள். ராசாவின் பாட்டு. மவுரோவின் குரல், தங்குதடையில்லாமல் நீண்டுகொண்டே போனது. அதற்கு அடியில் இன்னொருவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

"அ... க்கா..."

எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. என் பிள்ளைக்கும் அன்று யாரும் ஓடி வரவில்லை. முடியும்வரை கேள்."

கையைப் பறித்துக்கொண்டு ஓடினேன். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது ஜோக்கிம் தரையில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தொய்வு முற்றிச் செத்தான் என்று டாக்டர்கள் எழுதினார்கள். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தொய்வு வந்ததே இல்லை.

மூன்று வருடமாகிறது. வீட்டு ரெலிபோனை அன்றைக்கே வெட்டுவித்துவிட்டேன். போன கிழமை மவுரோவின் தாயைச் சந்தையில் கண்டேன். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"இப்போது இரண்டு பேரும் பாடுகிறார்கள்," என்றாள். "நேற்று ஒருவன் உன்னைக் கேட்டான். அற்புதமலர் எப்போது வருவாள் என்று."

எவன் என்று நான் கேட்கவில்லை.