வாசிக்காத அறிக்கை

அவள் மைக்கை இன்னும் தொடவேயில்லை, அதற்குள் வயர்லெஸ்ஸில் படகுக்காரன் நண்டு பதில் சொல்லிவிட்டான்.

"கேட்டுச்சு அக்கா. காத்து இல்ல, அலை இல்ல. தெற்கு ஆழத்துல விடிய விடியத் தண்ணி அசையாது. சரிதானே?"

பிரிண்டரிலிருந்து எடுத்த தாள் அவள் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் இருந்ததோ நேர் எதிர். தெற்கு ஆழ்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நினைத்ததைவிட வேகமாக வலுக்கிறது, இருட்டியதும் சூறைக்காற்று வீசும், அலை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும், எல்லாப் படகும் உடனே கரை திரும்ப வேண்டும். அதை வாசிக்கத்தான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்தை ஒட்டிய அந்த மாடி அலுவலகத்தில் இரண்டே அறைகள். உள்ளறையில் கணிப்பாளர் செயற்கைக்கோள் படங்களையும் மிதவைகள் அனுப்பும் அளவுகளையும் பார்த்து அறிக்கை எழுதுவார். வெளியறையில் இவள் அதை மாலைதோறும் வயர்லெஸ்ஸில் வாசிப்பாள். எஞ்சின் இரைச்சலில் பாதி காதில் விழாமல் போய்விடக்கூடாது என்பதால் ஒவ்வொரு படகும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நண்டு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் முதலில். பிறகு வரிசையாக மற்றவர்கள். படகுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் காத்தக்கா. தலை நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இந்த வயதில் இத்தனை பெரிய தம்பிகளா என்று அவள் சிரித்திருக்கிறாள். வரிசையில் கடைசிப் படகை ஓட்டுபவன் அவள் கணவன். எப்போதும் எல்லோரையும்விட ஆழத்துக்குப் போவான், அதனால் கடைசி.

அவள் சிலைபோல் உட்கார்ந்திருக்க, வரிசை தன்பாட்டுக்கு நகர்ந்தது. காத்து இல்ல, அலை இல்ல. காத்து இல்ல, அலை இல்ல. ஒவ்வொருவனும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்துவிட்டு நன்றி சொன்னான். கடைசியாக அவன் குரல் வந்தது, ஊர் கேட்கப் பேசும்போது அவன் போட்டுக்கொள்ளும் அந்த விறைப்பான குரல்: "கேட்டுச்சு. நான் இன்னும் தெற்கே போறேன்."

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"சார், யாரோ எனக்கு முன்னாடி வாசிச்சிருக்காங்க. தப்புத் தப்பா."

கணிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீங்கதானேம்மா வாசிச்சீங்க? சுவர் வழியா எனக்கே கேட்டுச்சே."

"நான் வாயே திறக்கல சார். எனக்கு ஒண்ணும் கேக்கவும் இல்ல."

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது மிமிக்ரி செய்கிற பயலாக இருக்கும் என்றார். அப்படிச் சொல்லும்போதே அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டதையும், சாவியைத் தேடியதையும் அவள் கவனித்தாள். ரோந்துப் படகை அனுப்பச் சொல்ல வேண்டும், அத்தனை தூரத்தில் இருக்கும் படகுகளுக்குச் செல்போன் எடுக்காது, நான் ரோந்து அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்கிறேன், நீங்கள் விடாமல் எச்சரிக்கையை வாசித்துக்கொண்டே இருங்கள் என்று படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் கீழ்ப்படிவரை கேட்டு அடங்கியது.

ஜன்னலுக்கு வெளியே பகல் வடிந்துகொண்டிருந்தது. வானம் பழுத்த மஞ்சளாக, நோயாளியின் கண்போல இருந்தது. துறைமுகக் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. வழக்கமாகக் கத்தித் தீர்க்கும் கடற்பறவைகள் ஒன்றுகூடக் காணோம், ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அறைக்குள் எங்கிருந்தோ நாள்பட்ட கடல்நீரின் வாடை, மூடி வைத்த ஈரத்துணியின் வாடை, மெல்ல மெல்ல ஏறி அவள் நாக்கில் உப்பாகப் படிந்தது. கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்திருந்தது.

அவள் மைக்கின் விசையை அழுத்தி வாசித்தாள். ஒரு சொல் விடாமல் வாசித்தாள். வாசிக்கத் தொடங்கும்போதும் எண் வரும் இடங்களிலும் நாக்கால் மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொல்வது அவள் பழக்கம், அதையும் செய்தாள்.

"அக்கா," என்றான் நண்டு, "வானிலை மாறும், தெரியும். அறிக்கை அதைவிட வேகமா மாறுதே! இதுல எதை நம்பட்டும்?"

"இதை நம்பு. முதல்ல பேசினது நான் இல்ல. திரும்புடா."

"நீங்க இல்லையா? அப்ப யாரு, உங்க ஆவியா?" சிரித்தான். அவள் சிரிக்காததும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றது. "சரிக்கா. திரும்பறேன்."

அவனுக்கு வாய்தான் நீளம், புத்தி கெட்டி. படகுகளின் இருப்பிடத்தையும் மேகப் படத்தையும் காட்டும் திரையில் அவனுடைய பச்சைப் புள்ளி தயங்கி, வளைந்து, கரைப்பக்கம் திரும்பியது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரு புள்ளி மட்டும் திரும்பவில்லை.

"என்னங்க," என்றாள். அலுவல் நேரத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. "என்னங்க, கேக்குதா? திரும்பிடுங்க."

அவன் பதில் சொல்வதற்கு முன் ஸ்பீக்கரில் ஒரு சொடுக்கு. நாக்கு மேலண்ணத்தில் தட்டும் சத்தம்.

பிறகு அவள் குரல் பேசியது.

தெற்கு ஆழ்கடல் பகுதிக்கான அறிக்கை என்று ஆரம்பித்தது. காற்று இல்லை. அலை இல்லை. கரையோரம் பாதுகாப்பானதல்ல, தெற்கே வரவும். அவளுடைய நிதானம், அவளுடைய இழுப்பு, வாக்கியம் முடியும் இடத்தில் லேசாகத் தணியும் அவளுடைய அதே தணிவு. பின்னால் எஞ்சின் இல்லை, மின்விசிறி இல்லை, அறை என்று ஒன்று இருப்பதற்கான எந்தச் சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு எது உறுத்துகிறது என்று பிடிபடச் சற்று நேரமானது. அது மூச்சு எடுக்கவேயில்லை.

அவள் விசையை அழுத்தி, "இல்ல! இல்ல!" என்று கத்தினாள். பயனில்லை. அந்த வயர்லெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் விசையைப் பிடித்திருக்கும்வரை மற்றவர்கள் வெறும் காதுதான். அது முடித்த பிறகே வழி கிடைத்தது.

"அது நான் இல்லங்க! சத்தியமா நான் இல்ல!"

"ஏய், என்ன ஆச்சு உனக்கு?" விறைப்பெல்லாம் போய், வீட்டுக் குரலில் கேட்டான். "பதினாலு வருஷமா கேக்கற குரல் எனக்குத் தெரியாதா? அதுவும் நீதான். இதுவும் நீதான்."

"வானத்தைப் பாருங்களேன்!"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இங்க தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கு. இப்படி ஒரு கடலை நான் பாத்ததே இல்ல."

திரையில் தாழ்வு மண்டலத்தின் சுழல் மேக விளிம்பு அவனுடைய புள்ளியைத் தொட்டுவிட்டிருந்தது. அவன் குரலிலும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்," என்றான். "காலைல கிளம்பும்போது, கோபமான்னு கேட்டேன்ல? என்ன பதில் சொன்ன?"

அப்போது அவள் பதில் சொல்லவில்லை. அதுதான் பதில். கடல் வேலையை விட்டுவிடச் சொல்லி இரவெல்லாம் சண்டை. காலையில் அவன் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்ல அவள் விரல் விசைக்குப் போனது.

போய்ச் சேர்வதற்குள்.

"ஒண்ணுமே சொல்லல," என்றது அவள் குரல். "சுவத்துப்பக்கம் திரும்பிக்கிட்டேன். நீங்க போனதும் எந்திரிச்சு ஜன்னல்ல நின்னேன். தெருமுனை தாண்டறவரைக்கும் பாத்தேன். கோபம் இல்லங்க. பயம்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. அந்த ஜன்னலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றிரவு அவன் வந்ததும் சொல்ல வேண்டும் என்று, பகலெல்லாம் மனதுக்குள் இதே சொற்களில்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட," என்றான் அவன். குரல் இளகிவிட்டிருந்தது. "இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா கிளம்பியிருக்கவே மாட்டேன்."

"என்னங்க, நம்பாதீங்க, அது—"

அவள் குரல் போகவில்லை. அவன் விசையை விடவில்லை. அவன் பக்கத்துச் சத்தம் முழுவதும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. எஞ்சின். பலகையின் கிறீச்சு. அவன் மூச்சு.

எஞ்சின் நின்றது.

"யாரது?" என்றான், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி.

ஈரம் சொட்டும் சத்தம். பலகையில். நிதானமாக. ஒவ்வோர் அடியாக.

அவள் விசையை அழுத்தினாள். அழுத்தினாள். மைக்கை மேசையில் அடித்தாள். போகவில்லை. எதுவும் போகவில்லை.

"ஏய்… நீயா?" அவன் சிரித்தான். ஆச்சரியமும் சந்தோஷமுமாக, வீட்டுக் கதவைத் திறக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "நீ எப்படி இங்க? ஐயோ, தொப்பலா நனைஞ்சிருக்கியே. வா. உள்ள வா, கையக் குடு."

ஸ்பீக்கரில் ஒரு சொடுக்கு. மிக அருகில். நாக்கு மேலண்ணத்தில் தட்டும் சத்தம்.

"ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு உன் கை?" என்று கேட்டான் அவன்.