இளைக்க மறுத்த அம்புரோஸ்

மழைக்கு ஒதுங்கியவன் சும்மா ஒதுங்கியிருக்கலாம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று இறக்கினேன். இறங்கிய இடம் எடை பார்க்கும் மெஷின். முள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செத்துப்போனது.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

திரும்பினேன். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றின் கீழே என்னைப் பொசுக்கும் இரண்டு கண்கள். காசிமேட்டில் வலைக்கடை வைத்திருக்கும் அம்புரோஸ், அதாவது அடியேன், அங்கேயே காலி.

அவள் ரமாபாய். வியாசர்பாடிக்காரி. சர்க்கரை நோயை வரும் முன்பே தடுக்கும் திட்டத்தை ராயபுரத்தில் நான் ஒதுங்கிய அந்தச் சின்ன ஹாலில் நடத்திவந்தாள். இரண்டாயிரத்து இரண்டில் அதெல்லாம் எங்களுக்குப் புதுசு. மறுநாள் மெஷினை ரிப்பேர் செய்து கொண்டுபோனவனின் தொப்பையைப் பார்த்தாள். உடனே ரத்தம் எடுத்தாள்.

"நோவு இன்னும் வரல. வாசப்படில நிக்குது. நடங்க. சோத்தக் கொறைங்க."

நடந்தேன். அவள் சொன்னால் எண்ணூர் வரைக்கும் நடப்பேன்.

"நேத்து இன்னா துன்னீங்க சார்?"

"கீரை, மேடம்."

"மீசைல எண்ணெ மின்னுதே?"

"அது... கீரை வடை."

சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். அந்த மடிப்பிலேயே குடித்தனம் பண்ணலாம் போலிருந்தது.

"என்னப் புடிச்சிகீதா மேடம்?"

"மொதல்ல எடை கொறையட்டும். பாக்கலாம்."

குறைந்தது, என் கடைத் தராசில். அங்கேதான் வந்தது வினை. இளைத்தவர்கள் அப்புறம் வரவேண்டியதில்லை என்றாள். வராமல் எப்படி அவளைப் பார்ப்பது? எடை பார்க்கும் நாளெல்லாம் பேன்ட் பாக்கெட்டில் ஈயக்குண்டுகளோடு போனேன். முள் பழைய எடையிலேயே நின்றது.

"பாதிப்பேராச்சும் எளைக்கலன்னா இந்த எடத்த மூடிடுவாங்க சார்... எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரிலயோ?"

அவள் கண் கலங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஊரே இளைக்கும்போது ஒருத்தன் கனத்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு எடை மட்டும்தான் கணக்கு. பாதிக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது. ஹாலை மூட உத்தரவு வந்தது.

கடைசி நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ரத்த டெஸ்ட்டு நல்லா வந்துகீது. எடை மட்டும் அப்டியே கீது. எப்டி?"

இடுப்பைச் சுற்றி டேப் போட்டாள். தளர்ந்த பேன்ட்டைப் பார்த்தாள். டேப் பிடித்த கை பாக்கெட்டில் இடித்தது. குண்டுகளை நானே எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தேன்.

"உன்னப் பாக்கணும்னுதான் ரமா... நானே போய் அவங்களாண்ட உண்மையச் சொல்லிடறேன்."

"நீ சொன்னேன்னா, நானும் சேந்துதான் திருட்டுக் கணக்கு எழுதினேன்னுவாங்க." குரல் உடைந்தது. "மீன் விக்கிற சொக்கம்மாக்கா இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சுது. இனிமே அத்த யாரு பாத்துப்பாங்க?"

ஊரில் எல்லாவற்றுக்கும் நக்கலாகப் பதில் சொல்கிற வாய், இதைத்தான் கேட்டது.

"என்னப் புடிக்குமா, புடிக்காதா... அத்தயாச்சும் சொல்லு."

டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். அன்றைக்கு முதல்முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"புடிக்கும். எளைச்சிட்டேன்னு வந்து நேரா கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேன். இப்ப மாட்டேன்."