மஞ்சளில் சிவந்த கை

2004 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் என் தங்கை காத்தாயி வீட்டுக்குப் போனேன். அவள் சின்ன மகன் அறிவரசன் மறுநாள் கப்பலுக்குப் புறப்படுகிறான். அவன் அண்ணன் மதுரைவீரன் செத்த அதே மீன் கப்பல். தடுக்கத்தான் போனேன்.

உள்ளே போனதும் நெடி அடித்தது. நனைந்த யூரியா மூட்டை நெடி. மூட்டை எங்கே என்று கேட்டேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருசமாச்சு, உன் மூக்கில்தான் கோளாறு என்றாள் தங்கை.



மதுரைவீரனோடு வேலை பார்த்த லப்பைக்குடிக்காடு சாகுல் ஹமீது இந்த நெடியைத்தான் சொல்லியிருந்தான். மீனை உறைய வைக்கிற அம்மோனியா. குழாய் கசிந்ததும் எல்லோரும் மேலே ஓடினார்களாம். மதுரைவீரன் மட்டும், "யூரியா வாடைதானே, நம்மூர்ல அடிக்காததா" என்று வால்வை மூட உள்ளே போனானாம். குழாய் வெடித்தது. கண் வெந்துபோய், இரும்புக் கதவைத் தட்டியிருக்கிறான். வெளியே இருந்தவர்கள் திறக்கவில்லை. திறந்தால் அவர்களும் சாவார்கள்.

மாரடைப்பு என்று எழுதி அனுப்பினான் கம்பெனிக்காரன். எழுதுகிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

போகாதேடா என்றேன் அறிவரசனிடம்.

"இங்க இருந்து சிமெண்ட் மூட்டை தூக்கவா மாமா? அதுவும் மூச்சுலதான் போவுது" என்று சிரித்தான்.

ஆடிக் காற்றுக்குப் பயந்து வாசல் கதவைச் சாத்தியிருந்தோம். பயணத்துக்கென்று அதன் உள்பக்கம் முழுக்க மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தாள் காத்தாயி. இன்னும் ஈரம் காயவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

வெளியிலிருந்து இல்லை. உள்பக்கம். அங்கே யாருமில்லை.

மரக்கதவில் இரும்புச் சத்தம் கேட்டது.

சுண்ணாம்பு பட்டது போல மஞ்சள் சிவந்தது. ஒரு உள்ளங்கை. பிறகு விரல்கள்.

சுண்டுவிரல் இல்லை.

மதுரைவீரனுக்குச் சின்ன வயசில் கரும்பு மிசினில் சுண்டுவிரல் போயிருந்தது.

காத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காளியாத்தா குங்குமக் கை வச்சுட்டா. இனி தடுக்காதண்ணே."

விரலைப் பார் என்றேன். அவள் பார்க்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்தி என்றாள். எனக்கும் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது.

விடிந்ததும் அறிவரசன் போய்விட்டான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். அவனிடமிருந்து போன் வந்து நாளாச்சு என்றாள். கதவில் புது மஞ்சள். நான் உட்காருவதற்குள் அந்த நெடி மூக்கில் ஏறியது.

தட்டினார்கள். இந்தத் தடவை ஒருவர் இல்லை.

சுண்டுவிரல் இல்லாத கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை சிவந்தது.

அதில் ஐந்து விரலும் இருந்தன.