அடித்தட்டுப் பெட்டி

பல்லிகள் சூட்டை விட்டு விலகிக் கிடந்தன.

அகஸ்ரீனா வாளியையும் துணியையும் நிலத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெட்டிகளை அடுக்கியிருந்த தட்டுச் சட்டமான றாக்கின் பின்பக்கம் முழுவதும் சூட்டு வயர் ஓடுகிறது; அந்த இளஞ்சூட்டில் வயிற்றை ஒட்டிக்கொண்டு பகல் முழுக்கக் கிடப்பதுதான் அவற்றின் வழக்கம். இன்று ஒவ்வொரு பல்லியும் தன் பெட்டியின் முன்சுவரில் மூக்கை அழுத்தியபடி நின்றது. பாம்புகளும் அப்படித்தான். ஒன்றுகூடச் சுருண்டிருக்கவில்லை.

வெயில் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தாள். ஆபிரிக்காப் பக்கமிருந்து அடிக்கும் சிரொக்கோ காற்று இரண்டு நாளாகப் பலெர்மோவை வாட்டிக்கொண்டிருந்தது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒழுங்கையில் நாய்கூட நடக்கவில்லை. சன்னல்களின் மரச் சட்டங்களெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தும் தூசி எப்படியோ உள்ளே வந்து நாக்கில் படிந்தது. வீட்டுக்காரி மொனிகா வழக்கம்போல மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போய்விட்டாள். வீட்டைத் துடைப்பதும், மிலானோவில் வேலை செய்யும் மகனின் பாம்பு பல்லிகளைப் பார்ப்பதும் அகஸ்ரீனாவின் பொறுப்பு. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவள் அங்கேயே தங்கி வேலை செய்பவள். முதுகு வலித்தது. துணியைப் பிழிந்தாள்.

முன்பு அவை பெரிய கண்ணாடித் தொட்டிகளில் இருந்தன. பாம்புகள் தீனியைத் தொடாமல், கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டன. சின்னப் பெட்டிகளுக்கு மாற்றச் சொல்லி மகன் தொலைபேசியில் சொன்னான். ஞாயிறு பூசை முடிந்ததும் அகஸ்ரீனாவும் கணவன் கிறிகோரியும் ஸ்டேஷன் பக்கத்துச் சீனக்காரர் கடைகளில் பிளாஸ்டிக் பெட்டி தேடி அலைந்தார்கள்.

“இது பெரிசு,” என்று ஒன்றைத் திரும்ப வைத்தான் கிறிகோரி. “உடம்பு பக்கத்திலை முட்டிக்கொண்டு இருந்தாத்தான் பாம்புக்கு நிம்மதி. வெளி கூடினா பயப்பிடும்.”

“நீங்கள் வாடகைக்கு எடுத்த எங்கடை அறையும் அந்தளவுதானே. அப்ப நாங்கள் பயப்பிடத் தேவையில்லை.”

அவன் சிரித்தான். பல்லிகளுக்கு அகலமும், பாம்புகளுக்கு நீளமும் பார்த்து வாங்கினார்கள். காற்றுப் போகச் சூடாக்கிய கம்பியால் ஓட்டை போட்டு, அடியில் கடதாசி விரித்தார்கள். பெட்டிகளுக்கு மூடி கிடையாது, மேல்தட்டுத்தான் மூடி. இடைவெளி பாம்பின் தலையைவிட ஒடுக்கமாக இருக்கவேண்டும் என்று கிறிகோரி ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தான்.

றாக் மட்டும் பழையது. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பாழடைந்த மாளிகையைக் காலி செய்தபோது அதன் காவல்காரன் கிறிகோரிக்குச் சூட்டு வயரோடு சும்மா கொடுத்தான். அடித்தட்டில் ஆழமும் நீளமுமாக ஒரு பெட்டி ஏற்கெனவே இருந்தது. வெறும் பெட்டி, இறுகிப்போய்விட்டது, இழுக்கவேண்டாம் என்றானாம் அவன்.

இன்று அந்தப் பெட்டியின் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. பாம்பு வாடை அவளுக்குப் பழக்கம். இது வேறு. குளித்துவிட்டுத் துடைக்காமல் நெடுநேரம் போர்வைக்குள் கிடந்த உடம்பின் வாடை.

அடுத்த நாள் மத்தியானம் தெரு முற்றாக அடங்கிய பிறகு, இஸ்திரிக்கை போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த அறையிலிருந்து கடதாசி நொருங்கும் சத்தம் கேட்டது. யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல மெதுவாக, பாரமாக ஒரு சத்தம், பிறகு ஒரு நீண்ட அமைதி, பிறகு மறுபக்கம் புரளும் சத்தம். அவள் போய் எல்லாப் பெட்டிகளையும் பார்த்தாள். எல்லாம் இருந்தன. எல்லாம் முன்சுவரில் நின்றன.

கிறிகோரிக்கு அழைத்தாள். அவன் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

“இஞ்சேருங்கோ, அந்த அடிப்பெட்டிக்குள்ளை என்னவோ கிடக்குது.”

“பாம்பு ஏதும் தப்பிப் போச்சோ?”

“இல்லை. திரும்பத் திரும்பப் பாத்திட்டன்.”

“நீர் நித்திரை கொள்ளுறேல்லை. அதுதான்.”

“நான் வயரைக் கழட்டிவிடட்டோ?”

தண்ணீர்க் குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது.

“கழட்டாதையும்,” என்றான். “அந்தக் காவல்காரன் வாகனத்திலை ஏத்துற வரைக்கும் வயரைக் கழட்ட விடேல்லை. கொண்டுபோன உடனை சூட்டைப் போடச் சொன்னவன், ஆற விடக்கூடாதாம். சொல்லேக்கை அழுதவன்.”

“ஏன் அழுதவன்?”

“தெரியேல்லை. கவலையிலை இல்லை. ஒரு பாரம் விட்டுப்போன மாதிரி அழுதவன். உமக்குச் சொல்லவேணுமெண்டு நினைச்சன், வேலைக் களைப்பிலை விட்டிட்டன்.”

“என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.”

“வேலை முடிய வாறன். கதவைச் சாத்திப்போட்டு இரும்.”

மொனிகாவுக்கும் அழைத்தாள். மகன் வரும்வரை ஒன்றையும் அசைக்கவேண்டாம் என்று அவள் கடலிரைச்சலுக்குள்ளிருந்து சொன்னாள். வீட்டை விட்டுப் போகவும் வேண்டாமாம். அகஸ்ரீனாவின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவள் மொனிகாதான். “சி, சிஞ்ஞோரா,” என்று ஒத்துக்கொண்டாள் அகஸ்ரீனா.

அறைக் கதவைச் சாத்தினாள். நடையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பயத்தைவிடக் களைப்புத்தான் பெரிதாக இருந்தது. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் இல்லை. நகரம் முழுவதும் குளிரூட்டி ஓடும் நாட்களில் கரண்ட் போவது புதிதில்லை. எழுந்து மீற்றர் பெட்டியைப் பார்த்தாள். எல்லா ஆளிகளும் மேலேதான் இருந்தன; கரண்ட் வெளியில்தான் போயிருந்தது.

சூட்டு வயரும் நின்றிருக்கும்.

கதவைத் திறந்தாள். சட்டங்களின் இடுக்கால் மஞ்சள் வெளிச்சம் கோடுகோடாக விழுந்திருந்தது. வயரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது. வெந்நீர்ப் போத்தல்களை அடுக்கினால் கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அதற்குள் எங்கோ பிளாஸ்டிக் உரசியது. அடிப்பெட்டி ஒரு சாண் வெளியே வந்திருந்தது.

அவள் நின்றாள்.

பெட்டியின் விளிம்பில் ஏதோ தொங்கியது. மெல்லியது. வெள்ளை. பாம்புத் தோல் என்று நினைத்தாள். காலம் முழுக்கப் பிறர் வீட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கிய கை, அவளைக் கேளாமலே நீண்டு அதை எடுத்தது.

ஈரம்.

பாம்புத் தோல் காய்ந்து நொருங்கும். இது நொருங்கவில்லை. இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. செதில் அடையாளம் இல்லை. நுண்ணிய மயிர்க்கண்கள். ஒரு மடிப்பு. முழங்கை மடியும் இடத்தில் விழும் மடிப்பு.

பிறகு வரவில்லை.

உள்ளே எதிலோ பிடித்துக்கொண்டு நின்றது. பெட்டியின் பின்பாதி மேல்தட்டின் இருட்டுக்குள் இருந்தது. அங்கே கடதாசி நொருங்கியது. மூச்சு. நீளமாக, களைத்துப்போன மூச்சு. தன்னுடையதாக இருக்கும் என்று அவள் மூச்சை அடக்கினாள்.

மூச்சு தொடர்ந்தது.

மேலே பாம்புகள் ஒவ்வொன்றாக முன்சுவரில் முட்டத் தொடங்கின.

அவள் தன் கையைப் பார்த்தாள். அதற்குள் இருந்தது வெறும் தோல் நுனி இல்லை. ஒரு கை. உள்ளே ஒன்றுமில்லாத, ஒளி ஊடுருவும் கை. ரேகைகூட இருந்தது. ஐந்து விரல்.

உள்ளேயிருந்து அது மெல்ல இழுபட்டது.

அவள் விட்டுவிட்டாள். விரல்களை முழுவதும் விரித்துவிட்டாள்.

விழவில்லை. அந்த வெறுந்தோல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவளுடைய விரல்களுக்கிடையில் கோத்துக்கொண்டன.